ஐந்து பேர் போதும்



பாடத் தேர்வுக்கு இணையதளம் அமைக்கும் நம் மாணவர் குழுவுக்கு, இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

முதலில் திரைகளைத் தாளில் வரைந்து சோதியுங்கள். ஒரு மாணவரை உட்காரவைத்து, "தம்பி, ரெண்டு விருப்பப்பாடம் எடு, மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லு" என்று கேளுங்கள். பிறகு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். "அங்கே அமுக்கு" என்றால் சோதனையே வீண். "பதிவு ஆச்சா, இல்லையா?" என்று அவர் முழித்தால், குறை அவரிடம் இல்லை, திரையில்தான். அந்தக் குழப்பத்தில் விரும்பிய பாடமே கைநழுவிவிடும்.

நீல்சன், லாண்டவர் இருவரும் 1993-இல் தந்த கணக்குப்படி, ஒருவரிடமே சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியும். ஐந்து பேரிடம் சுமார் 85. திருத்துங்கள், மறுபடி ஐந்து பேர். அவர்களில் செல்போன் மட்டுமே பழகிய முதலாண்டு மாணவர் ஒருவராவது இருக்கட்டும்.