சிரிப்பும் சரக்கும்



மலிவு விலைக் கடைகளின் தொலைக்காட்சி விளம்பரங்களில் நகைச்சுவை நடிகர்கள் தோன்றுவது எதற்காக? நம்மைச் சிரிக்க வைப்பவரை நாம் ஐயுறுவதில்லை. வாய் சிரிக்கையில் மடியின் முடிச்சுத் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியையே வணிகர் விலை கொடுத்து வாங்குகின்றனர்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1962-இல் மிச்சிகன் மாநிலத்தில் முதற்கடையைத் திறந்த கேமார்ட்டு, மலிவு விலைப் பெருங்கடைகளுள் முன்னணியில் நின்றது. அதே ஆண்டில் தோன்றிய வால்மார்ட்டு பின்னர் அதனை விஞ்சியது. இழந்த இடத்தை மீட்க விரும்பிய கேமார்ட்டு, 1990-களின் நடுவில் உரோசி ஓடொனல், பென்னி மார்சல் என்னும் நகைச்சுவை நடிகையர் இருவரைத் தன் விளம்பரங்களில் தோன்றச் செய்தது. மக்கள் கண்டு மகிழ்ந்தனர்.

ஆனால், அதே கடை சுடுகலன்களையும் குண்டுகளையும் விற்றது! 1999 ஏப்பிரல் 20-இல் கொலோராடோ மாநிலக் கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் மாணவர் இருவர் சுட்டதில், உடன்பயின்ற பன்னிருவரும் ஆசிரியர் ஒருவரும் அன்று மாண்டனர். சுட்டவர் கைக்குச் சென்ற குண்டுகளுள் கேமார்ட்டில் வாங்கியவையும் இருந்தன.

அடுத்த மாதம் ஓடொனல் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சுடுகலன் பரவலைக் கடிந்து பேசினார். சுடுகலன் விற்கும் கடைக்கு விளம்பரம் செய்பவரா இவ்வாறு பேசுவது என்று பலர் வினவினர். அவ்வாண்டிலேயே அவருக்கும் கடைக்கும் இருந்த தொடர்பு அற்றது. 2001-இல், சுடப்பட்டு உயிர்தப்பிய மாணவர்கள் திரைப்பட இயக்குநர் மைக்கேல் மூருடன் தலைமையகத்திற்கே சென்று முறையிட்டனர். அதன் பின்னரே கைச்சுடுகலன் குண்டு விற்பனையைக் கேமார்ட்டு கைவிட்டது. 2,000-க்கு மேற்பட்ட கடைகளை உடைய அந்நிறுவனம், 2002 சனவரியில் நொடிப்புக்காப்பு வேண்டி முறைமன்றம் சென்றது. விளம்பரச் சிரிப்பு அதனைக் காக்கவில்லை.

நகைச்சுவையை நான் இழித்துரைக்கவில்லை. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே தொல்காப்பியர் முதலில் வைத்தார். அத்தகு உயர்ந்த நகையைக் கடைவாயிலில் நிறுத்தும்போது, கேட்க வேண்டிய கேள்விகள் நம் வாயிலேயே மடிந்துபோகின்றன. இப்பொருளைச் செய்தவர் யார்? அவர் பெற்ற கூலி எவ்வளவு? விலை எக்கரணியத்தால் குறைந்தது? இதே கடையில் வேறு என்னென்ன விற்கப்படுகின்றன? நடிகர்க்குக் கொடுத்த பணம் எவர் கையினின்று வந்தது? வாங்குவோராகிய நம் கையினின்றே அன்றோ!

எனவே, பெருமக்களே, நடிகரைக் கண்டால் வாய்விட்டுச் சிரியுங்கள். கடைக்குள் நுழைந்தால் சரக்கைப் பாருங்கள், எடையைப் பாருங்கள், விலையைக் கேளுங்கள், விற்பவனின் அறத்தையும் கேளுங்கள்!