பின் கேட் கேமராவும் 5 வோல்ட் கணக்கும்

(கடலூரில் நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கழித்தல் கணக்கைப் பார்க்காததால் ஒரு மனிதருக்கு வேலை போக இருந்தது. அதனால்தான் பேசுகிறேன்.

பின் கேட் கேமரா பகலில் நன்றாகத் தெரியும், இரவில் விட்டு விட்டு இருண்டுவிடும். அப்படி ஓர் இருட்டில்தான் ஒரு பிள்ளையின் சைக்கிள் காணாமல் போனது. இரவு வாட்ச்மேன்தான் கேமராவை அணைக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. அவரை மாற்றலாம் என்று சென்ற கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து என் தம்பி மகன் வந்தான். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். "பெரியப்பா, கேமரா முகத்துல இருக்கிற வெளிச்ச சென்சாரைக் கையால மூடுங்க" என்றான். மூடினேன். இரவு என்று நினைத்து அகச்சிவப்பு எல்.இ.டி.கள் எரிந்தன, உடனே படம் போய்விட்டது. கையை எடுத்தேன், சற்று நேரத்தில் திரும்ப வந்தது. பட்டப்பகலில், வாட்ச்மேன் எதிரிலேயே.

நடந்தது இதுதான். அடாப்டர் ஆபீஸ் அறையில், கேமரா 60 மீட்டர் தள்ளி. போக வர 120 மீட்டர் மெல்லிய கம்பி. அந்தத் தடிமன் செப்புக்கம்பிக்கு 100 மீட்டருக்கு சுமார் 8.4 ஓம் தடை, ஆக மொத்தம் 10 ஓம். பகலில் கேமரா இழுப்பது 0.2 ஆம்பியர், வழியில் 2 வோல்ட் பிடித்தம், போய்ச் சேருவது 10. எப்படியோ சமாளித்தது. இரவில் எல்.இ.டி.களும் சேர்ந்து 0.5 ஆம்பியர், பிடித்தம் 5 வோல்ட். 12 புறப்பட்டு 7 போனால் எந்தக் கேமரா நிற்கும்? அணையும், எல்.இ.டி. அணைந்ததும் வோல்ட் ஏறும், மறுபடி எழும், மறுபடி விழும்.

18 வோல்ட் அடாப்டர் மாட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம். பகலில் பிடித்தம் 2 தானே, 16 வோல்ட் கேமராவில் ஏறும். ஆனால் ஆம்பியர் கூடுதலாக எழுதிய 12 வோல்ட் அடாப்டரால் ஆபத்தில்லை. அது ஓ.டி. லிமிட் மாதிரி, 2 ஆம்பியர் என்றால் 2 வரை தரும், திணிக்காது.

எல்.இ.டி. மட்டும் லிமிட் தெரியாத வாடிக்கையாளர். ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி.க்குத் தேவை சுமார் 1.5 வோல்ட். அதற்கு மேல் கொஞ்சம் கூடினாலும் கரண்ட் எகிறி எரிந்துபோகும். மூன்றைத் தொடராக 12 வோல்ட்டில் போட்டால் மிச்சம் 7.5. அவை 50 மில்லி ஆம்பியர் தாங்குபவை என்றால் 150 ஓம் ரெசிஸ்டர், அரை வாட் அளவில், கட்டாயம் வேண்டும். தனியாக விற்கும் அகச்சிவப்பு விளக்கை வீட்டில் மாட்டுபவர்கள் இதைக் கவனியுங்கள்.

அடாப்டரை வாட்ச்மேன் அறைக்கே மாற்றிவிட்டோம், கம்பி இப்போது 3 மீட்டர்தான். இரவில் கேமரா முனையில் அளந்தால் 11.7 வோல்ட். மாற்ற முடியாத இடத்தில் தடித்த கம்பி போடலாம், அல்லது சும்மா கிடக்கும் கம்பிகளை ஜோடி சேர்த்துத் தடையைப் பாதியாக்கலாம். நம் கடற்காற்றில் ஜாயிண்ட்டுகள் பச்சை பூத்து அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும்.

வாட்ச்மேனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், மாடிப்படி கேமராவும் அப்படித்தான் விட்டு விட்டு வருது, பாருங்க" என்றார். வருகிற ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அளக்கப் போகிறோம். ஏணி பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.