இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் நம் டாக்டர்



பிறந்த ஊரை விட்டு வேற்றிடம் சென்று பிழைப்பவர்கள் யாவரும் ஓர் உண்மையை அறிவோம். கற்ற தொழில் நம்முடன் வந்துவிடும். அதனைப் பிறருடன் கூடிச் செய்யும் முறையோ ஊருக்கு ஊர் மாறும். டில்லியில் மத்திய சர்க்கார் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த புதிதில், மேலதிகாரியின் வரைவில் பிழை கண்டும் வாய் திறவாமல் இருந்தவன் நான். என் மௌனத்தால் கெட்டது ஒரு சுற்றறிக்கை மட்டுமே. ஆஸ்பத்திரியில் அவ்வாறன்று.

பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5-ஆம் தேதி தொடங்கியது. இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளின் இளம் டாக்டர்கள் இல்லாவிடில் அச்சேவை குலைந்திருக்கும் என்று 1961-இல் பிரபுக்கள் சபையிலேயே கோஹன் பிரபு ஒப்புக்கொண்டார். 1975 வரை இந்தியப் பட்டங்கள் பல அங்கே நேரடியாக ஏற்கப்பட்டன. பின்னர் தேர்வு வந்தது. இன்று 'ப்ளாப்' எனப்படும் அத்தேர்வில் தேறியவருக்கு மருத்துவம் தெரியும் என்பதில் ஐயமில்லை. தடுமாற்றம் வேறிடத்தில் உண்டாகிறது.

என் தமக்கை மகன் சென்னையில் எம்.பி.பி.எஸ். படித்து, வட இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். மூன்றாம் வாரமே அவனுக்கு இரவு முறை கொடுத்தார்கள். ஒரு நள்ளிரவில், நிமோனியாவுடன் படுத்திருந்த முதியவர் ஒருவருக்கு மூச்சு இரைக்கலாயிற்று. தனக்குத் தெரிந்தவற்றையெல்லாம் செய்துவிட்டு, விடியட்டும் என்று காத்திருந்தான். மேல் டாக்டரை இரவில் தொந்தரவு செய்வது மரியாதையன்று, செய்தால் தன் திறமையின்மை வெளிப்படும் என்பதே அவன் பழகி வந்த வழக்கம். வார்டு நர்ஸ், "ரெஜிஸ்ட்ராரை ஒரு முறை பார்க்கச் சொல்லலாமோ?" என்று இருமுறை மெல்லக் கேட்டார். "அவசியமில்லை" என்றான். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. தாமே டெலிபோனில் அழைத்துவிட்டார்.

"மாமா, நர்ஸ் ஒருத்தி என்னைத் தாண்டிப் போய்விட்டாள்" என்று அவன் குமுறியபோது நானும் அவன் பக்கமே பேசினேன். இப்பொழுது அதற்காக வெட்கப்படுகிறேன்.

அந்நாட்டில் 2012-இல் ராயல் காலேஜ் ஆஃப் பிஸிஷியன்ஸ் வகுத்த எச்சரிக்கைக் கணக்கு ஒன்று உண்டு. சுவாச வேகம், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு, இரத்த அழுத்தம், நாடி, உணர்வு நிலை, உடல் வெப்பம் ஆகிய ஆறையும் அளந்து எண் இடுவர். கூட்டுத்தொகை 7-ஐ எட்டினால் ரெஜிஸ்ட்ரார் நிலையிலுள்ள டாக்டருக்கேனும் உடனே தெரிவிப்பது நர்ஸின் கடமை. முதியவரின் எண் 8 ஆகியிருந்தது. அந்த அம்மையார் தம் வேலையைத்தான் செய்தார்.

இன்னொன்று. 'பார்க்கச் சொல்லலாமோ' என்னும் மென்மொழிக்கு அங்கே 'இப்பொழுதே கூப்பிடுங்கள்' என்று பொருள். நோயாளி 'பூர்லி' என்று நர்ஸ் கூறினால், ஏதோ சிறிது சுகமில்லை என்று எண்ணலாகாது. பெரும்பாலும் நிலைமை கவலைக்கிடம் என்றே கொள்ளவேண்டும். ஆங்கிலத்தைத் தமிழாக்கியே வயது நாற்பதைத் தாண்டிய எனக்கும் இது தெரிந்திருக்கவில்லை. இதையெல்லாம் சொல்லிக் கொடாமல் புதியவனை இரவில் நிறுத்தியது அந்த ஆஸ்பத்திரியின் குற்றமே என்பது என் எண்ணம்.

இஃது ஆங்கிலேயரின் நாகரிகம் மட்டுமன்று. அறுவைக்கு முன் அறையிலுள்ள அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்பது, 2008-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு விதி. பெயர் சொல்லிப் பழகியவர் தவறு கண்டால் வாய் திறப்பார் என்பது அதன் கருத்து. அப்பட்டியலைச் சோதித்த எட்டு நகரங்களுள் நம் புது டில்லியும் ஒன்று. 2009-இல் வெளியான முடிவின்படி, அறுவைக்குப் பின் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8-ஆகக் குறைந்தது.

மறுநாள் காலை தலைமை டாக்டர் என் மருமகனைக் கடிந்துகொள்ளவில்லை. "ஏன் கூப்பிடவில்லை?" என்று மட்டும் கேட்டாராம். முதியவர் பிழைத்து வீடு சென்றார். மருமகன் இப்பொழுது ரெஜிஸ்ட்ராராக இருக்கிறான். நம் நாட்டிலிருந்து புதிதாக வருவோரிடம் முதல் இரவே தன் டெலிபோன் எண்ணைக் கொடுத்து, அதனை அவர்கள் வாயாலேயே ஒரு முறை திருப்பிச் சொல்லச் செய்கிறான்.