மருந்துக்குத் தவணை குறிப்போம்

கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பொருள்களில் ஒன்று கன்னாபிடையால். சுருக்கமாகச் சிபிடி என்பார்கள். 1940-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் குழுவினர் இதைப் பிரித்தெடுத்தார்கள். இதன் வேதியியல் அமைப்பை 1963-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் தெளிவுபடுத்தினார். கஞ்சாவில் போதை தருவது டிஹெச்சி என்ற வேறொரு பொருள்; சிபிடி அப்படிப் போதை ஏற்றுவதில்லை. தூக்கமின்மை, பதற்றம், மூட்டுவலி என்று பலவற்றுக்கும் இன்று இதைச் சொட்டு மருந்தாகவும் மாத்திரையாகவும் பல நாடுகளில் விற்கிறார்கள். வாங்குகிறவர் முதலில் கேட்பது, 'எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும்?' என்பதைத்தான். விற்கிறவர் கால் மணி, அரை மணி என்று ஏதோ ஒரு நேரத்தைச் சொல்லிவிடுகிறார். உண்மையில் இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மருந்து ரத்தத்தில் எப்போது சேரும் என்பது ஒன்று. நோய் எப்போது குறையும் என்பது மற்றொன்று. முதலாவதை மணிக்கணக்கில் சொல்லலாம். இரண்டாவதைப் பெரும்பாலும் வாரக்கணக்கில்தான் சொல்ல முடியும். முதல் கேள்விக்கான விடையை இரண்டாவது கேள்விக்கும் சேர்த்துச் சொல்வதால்தான் மக்கள் பணத்தையும் சில நேரம் உடல்நலத்தையும் இழக்கிறார்கள்.

முதலில் ரத்தத்தைப் பார்ப்போம். சிபிடி நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். விழுங்கினால் குடலில் மெதுவாக உறிஞ்சப்படும். உறிஞ்சப்பட்டதும் நேரே கல்லீரலுக்குப் போகும். அங்கே பெரும்பகுதி சிதைந்துவிடும். ஆகவே வாய்வழி உட்கொண்டதில் மிகச் சிறிய பங்கே, சுமார் 6 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், உடலுக்குள் முழுதாகப் போய்ச் சேருகிறது. புகையாக இழுக்கும்போது சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் உச்சம் தொடும்; சேரும் அளவும் சுமார் 31 சதவீதம் வரை போகும். ஆனால் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதை மருத்துவ வழியாகக் கொள்ள முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ 2018 ஜூன் மாதம் அனுமதித்த எபிடியோலெக்ஸ் என்ற திரவ மருந்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லி லிட்டரில் 100 மில்லிகிராம் சிபிடி. அதைக் கரைத்து வைத்திருப்பது நம் சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெயில்தான்; குழந்தைகள் முகம் சுளிக்காமல் குடிக்க ஸ்ட்ராபெரி மணம் சேர்த்திருக்கிறார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு அரை மில்லி லிட்டர், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. இதைக் கொடுத்தபின் ரத்தத்தில் அளவு உச்சத்துக்கு வர இரண்டரை மணியிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகிறது. அதே மருந்தைக் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு கொடுத்தால், வெறும் வயிற்றில் கொடுப்பதைவிட உடலில் சேரும் அளவு நான்கு மடங்காகிறது. உச்ச அளவோ ஐந்து மடங்காகிறது. ஒரே ஆள், ஒரே மருந்து, ஒரே அளவு. சாப்பாடு மாறினாலே கணக்கு இவ்வளவு மாறுகிறது. அப்படியிருக்க, 'இத்தனை நிமிடத்தில் பலன்' என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு நேரத்தைச் சொல்ல எப்படி முடியும்?

'விழுங்கினால்தானே இந்தத் தாமதம்? நாக்குக்கு அடியில் விட்டால் நேராக ரத்தத்தில் கலந்துவிடுமே' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சேட்டிவெக்ஸ் என்ற வாய்த்தெளிப்பு மருந்து இதற்கு விடை தருகிறது. பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளில், நரம்பு உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் தசை இறுக்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து அது. அதில் சிபிடியோடு டிஹெச்சியும் உண்டு. தெளித்த கால் மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் தடயம் தெரியத் தொடங்குகிறது என்பது மெய். ஆனால் உச்சம் தொட ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. வாயில் விட்டதில் ஒரு பகுதி எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடுகிறது என்பதும் இதற்கு ஒரு காரணம். ரத்தத்தில் தடயம் தெரிவது வேறு, பலன் தரும் அளவுக்குச் சேருவது வேறு. விளம்பரத்தில் வரும் 15 நிமிடக் கணக்கு இந்த முதல் தடயத்தைத்தான் பலன் என்று காட்டுகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ஒரே வேளை மருந்தில், சில மணி நேரத்தில் மனப்பதற்றம் குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றனவே என்பது அது. இருக்கின்றன. பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்களை மேடையில் பேசச் சொல்லிச் சோதித்தார்கள். 2011-ல் வெளியான ஆய்வில், சமூகப் பதற்ற நோய் உள்ள 24 பேரில் பாதிப் பேருக்குப் பேசுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு 600 மில்லிகிராம் சிபிடி கொடுத்தார்கள். அவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. 2019-ல் வெளியான ஆய்வில் நலமாக உள்ள ஆண்களுக்கு 150, 300, 600 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். 300 மட்டுமே பலன் தந்தது; குறைவான அளவும் பலிக்கவில்லை, கூடுதலான அளவும் பலிக்கவில்லை. ஆகவே சில மணி நேரத்தில் சிபிடி ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வுகளின் நேரக்கணக்கைக் கடையில் வாங்கும் புட்டிக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே கொடுத்தது நூற்றுக்கணக்கான மில்லிகிராம். பிரிட்டன் உணவுத் தரக் கட்டுப்பாட்டு நிறுவனமோ, உணவுப் பொருளாக விற்கப்படும் சிபிடியை நலமாக உள்ள பெரியவர்கள் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று 2023-ல் அறிவுறுத்தியது. ஆய்வில் கண்ட வேகத்தைச் சொல்லி விற்கிறவர்கள், ஆய்வில் கொடுத்த அளவைச் சொல்வதில்லை. 'அப்படியானால் அளவைக் கூட்டிவிடலாமே' என்பாருக்கும் 2019 ஆய்வே பதில்: கூட்டினால் கூடுதல் பலன் என்ற விதி இங்கே செல்லாது.

இனி நோயைப் பார்ப்போம். சிபிடியின் பலன் உறுதியாக நிறுவப்பட்டிருப்பது, மற்ற மருந்துகளுக்கு எளிதில் அடங்காத சில குழந்தைப் பருவ வலிப்பு நோய்களில்தான். அவற்றில் ஒன்று டிராவே நோய். 2017-ல் வெளியான ஆய்வில் 120 குழந்தைகளும் இளையோரும் பங்கேற்றார்கள். மருந்து தொடங்கும் முன்பே நான்கு வாரம் வலிப்புகளை எண்ணிக் குறித்தார்கள். பிறகு 14 வாரம் சிகிச்சை. அதில் முதல் இரண்டு வாரம் அளவைப் படிப்படியாகக் கூட்டுவதற்கே போயிற்று. முடிவில், சிபிடி பெற்றவர்களுக்கு மாதம் 12.4 ஆக இருந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆகக் குறைந்தது. மருந்தில்லாத போலி மருந்து பெற்றவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனது, அவ்வளவுதான். அளவைக் கூட்டிக்கொண்டிருந்த நாள்களிலேயே மாற்றம் தொடங்கியிருந்தது என்று பின்னர் செய்த பகுப்பாய்வில் தெரிந்தது. ஆனாலும் ஆய்வாளர்கள் முதல் நாளையோ முதல் வாரத்தையோ வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. வலிப்பு ஒரு வாரம் தானாகக் குறையும், மறுவாரம் தானாகக் கூடும். ஏற்ற இறக்கம் உள்ள நோயில், மருந்தால் வந்த மாற்றம் எது, தானாக வந்த மாற்றம் எது என்று பிரித்தறிய நாள் வேண்டும்.

'எனக்கு இருபது நிமிடத்தில் இதமாக இருக்கிறது. அது மருந்தாலா நம்பிக்கையாலா என்று ஏன் ஆராய வேண்டும்?' என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வலியோடு இருப்பவருக்கு இதம் எந்த வழியில் வந்தாலும் பெரிதுதான். அதே டிராவே ஆய்வில், போலி மருந்து பெற்றவர்களிலும் 27 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்குப் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. சிபிடி பெற்றவர்களில் 43 சதவீதம். எதிர்பார்ப்புக்கும் நோயின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்கும் அவ்வளவு இடம் இருக்கிறது. ஆனால் இதமாக இருக்கிறதே என்று தொடர்வதற்கும் ஒரு விலை உண்டு. 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்தபோது, சுமார் 31 சதவீதத்தில்தான் சிபிடி அளவு சீட்டில் எழுதியபடி இருந்தது. 18 பொருள்களில் டிஹெச்சி கண்டறியப்பட்டது. நம் நாட்டில் கஞ்சா இலைச் சாரம் 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக வருகிறது. அதிலும் டிஹெச்சி இருக்கக்கூடும் என்பதால் சிபிடி ஆய்வுகளின் கணக்கு அதற்குப் பொருந்தாது. சிபிடி மற்ற மருந்துகளோடும் மோதும். வலிப்புக்குக் கொடுக்கும் குளோபசாம் மாத்திரை உடலில் மாறி உருவாகும் பொருளின் அளவைச் சுமார் மூன்று மடங்காக்கி, அளவுக்கு மீறிய உறக்கத்தைத் தரக்கூடும். வால்புரோயேட் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயரும் வாய்ப்பு கூடுகிறது. சிபிடியை ஒரு வாரம் தொடர்ந்து எடுத்தபின் அதன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே 56 முதல் 61 மணி நேரம் ஆகும். ஆகவே நிறுத்திய பிறகும் பல நாள் உடலில் தங்கும். அரை மணியில் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொரு வேளை குடிக்கிறவர், முதல் வேளை உச்சம் தொடும் முன்பே அடுத்ததைச் சேர்க்கிறார்.

ஆகவே சிபிடியை மருத்துவர் சொல்லி எடுப்பவர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு நாள்காட்டியைப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. எதற்காக எடுக்கிறோம், எதை எண்ணப் போகிறோம், எந்தத் தேதியில் முடிவு செய்வோம் என்ற மூன்றையும் முதல் வேளைக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். சேட்டிவெக்ஸ் மருந்துக்கு இப்படி ஒரு விதியே இருக்கிறது: நான்கு வாரத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். எபிடியோலெக்ஸ் தொடங்கினால் முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் கல்லீரல் சோதனை செய்ய வேண்டும். துன்பப்படுகிறவரை வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது இரக்கமற்றது என்று தோன்றலாம். எல்லையில்லாமல் காத்திருக்க வைப்பதுதான் இரக்கமற்றது. பலன் இல்லாத மருந்துக்கு மாதாமாதம் பணம் கொடுத்து, பலன் தரக்கூடிய வேறு சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர் பலர். தவணை குறித்தவர், மருந்து பலித்தால் அதைக் கையில் கணக்கோடு அறிவார். பலிக்காவிட்டால் குறித்த நாளில் மருத்துவரிடம் அந்தக் கணக்கைக் காட்டி, அடுத்த வழியைக் கேட்பார்.