வேடம் போட்ட பிள்ளையைப் படம் எடுக்கும் முன்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மொட்டை மாடியில் பசை நாற்றம் வருகிறதே, யார் வீட்டில் செருப்பு ஒட்டுகிறார்கள்?" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். செருப்பு இல்லைங்க, திரிசூலம். நானும் என் மகளும்தான் செய்துகொண்டிருந்தோம். அது என்ன கதை என்று சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

இதற்கு காஸ்ப்ளே என்று பெயர். சினிமா, காமிக்ஸ், வீடியோ கேமில் வரும் ஒரு பாத்திரத்தின் உடை, நகை, ஆயுதம் எல்லாவற்றையும் செய்து, அந்தப் பாத்திரமாகவே ஓர் இடத்தில் போய் நிற்பது. 1939-ல் நியூயார்க்கில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு இரண்டு பேர் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்திப் போனார்கள். காஸ்ப்ளே என்ற சொல் 1980-களில் ஜப்பானில் பிறந்தது.

பெயர்தான் நமக்குப் புதுசு. விஷயம் புதுசில்லை. நம் கடலூர் மாவட்டம் தெருக்கூத்து மண். மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் நீங்கள் பார்த்தவைதான். அந்தக் கட்டைகளை வைத்துத்தான் கட்டைக்கூத்து என்ற பெயரே வந்தது. கூத்தாடுபவர் தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசிக்கொண்டு, விடிய விடிய அந்தப் பாரத்தோடு ஆடுவார். பாரம் குறைவாக இருக்க வேண்டும், தூரத்தில் இருந்து பார்த்தால் கனமாகத் தெரிய வேண்டும். காஸ்ப்ளே செய்பவர்களின் கணக்கும் இதேதான்.

நம் நாட்டில் காமிக் கான் விழா 2011-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு 2024 பிப்ரவரியில்தான் முதல்முறையாக வந்தது, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். அடுத்த முறை போவதற்கு என் மகள் தேர்ந்தெடுத்த பாத்திரம் ராஜி. புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' விளையாட்டின் நாயகி. சர்க்கஸில் வித்தை காட்டும் பெண். அசுரர்கள் தூக்கிப் போன தம்பி கோலுவை மீட்கப் போகிறாள். துர்கை கொடுத்த திரிசூலம் அவள் கையில் இருக்கும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வேலை, விளையாட்டை நிறுத்தி நிறுத்தி முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று படம் பிடித்து வைப்பது. அடுத்து அளவு. பழைய பனியன் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கவசத்தின் கோடுகளை அதிலேயே வரைந்து வெட்டி எடுத்தால் அதுதான் பேட்டர்ன். கவசத்துக்கு ஈ.வி.ஏ. ஃபோம். ஜிம்மில் தரையில் விரிக்கிறார்களே, அந்த மெத்தை. ஹீட் கன்னால் சூடு காட்டினால் வளையும், ஆறியதும் அப்படியே நிற்கும். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, ஈரம் வற்றும்வரை பொறுத்து, பிறகு அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். அந்த ஆவி மூச்சுக்கு ஆகாது. மூடிய அறையில் செய்யக் கூடாது என்பதால்தான் மொட்டை மாடிக்குப் போனோம். ஹீட் கன்னும் பிளேடும் பெரியவர்கள் கையில் இருக்க வேண்டும்.

பெயின்ட் அடிக்கும் முன் தண்ணீர் கலந்த ஃபெவிகால் இரண்டு மூன்று பூச்சு. அதன்மேல் கறுப்பு. கடைசியில் பிரஷ்ஷில் துளி வெள்ளிப் பெயின்ட் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, ஓரங்களில் மட்டும் உரசினால் பழைய இரும்பு மாதிரி தெரியும். திரிசூலத்தின் தண்டு பி.வி.சி. பைப். பஸ்ஸில் கொண்டுபோக மூன்று துண்டாகக் கழற்றும்படி செய்தோம். இந்த மாதிரி விழாக்களில் நிஜ உலோக ஆயுதத்தை உள்ளே விட மாட்டார்கள். பையில் பசை, ஊக்கு, ஊசி நூல், தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

இனி புகைப்படம். அரங்கில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழும், கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும். ஒரு வெள்ளை தெர்மோகோல் அட்டையை மார்பளவில் பிடித்தால் முகம் தெளிந்துவிடும். பின்னால் கூட்டம் இருந்தால் சுவரோரம் அழைத்துப் போங்கள். போனில் எடுப்பவர்கள் நாலடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் முகம் கோணாது. கேமராவை இடுப்பளவுக்கு இறக்கினால் சின்னப் பெண்ணும் வீராங்கனையாக நிமிர்ந்து நிற்பாள். வீட்டுப் பக்கமே எடுக்க வேண்டுமா? சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் ஊர் முந்திரித்தோப்பு வெயிலும் செம்மண்ணும் போதும். தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பது என்றதும் நான் பேச வந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். 2014-ல் நியூயார்க் காமிக் கானில், வேடம் போட்டிருப்பது சம்மதம் ஆகாது என்று பலகை எழுதி வைத்தார்கள். அப்படி எழுதி வைக்கும் அளவுக்குத் தொல்லை இருந்தது. கேட்காமல் படம் எடுப்பது, தோளில் கை போடுவது, பின்னால் நின்று வீடியோ பிடிப்பது. பஸ் நிலையத்திலும் நடக்கிறது. அதனால் நாங்கள் சாதாரண உடையில் போய், அங்கேதான் வேடம் மாற்றினோம்.

லிஃப்டில் வேடத்தோடு ஒரு பிள்ளையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் குழுவுக்குப் போய், அங்கிருந்து உறவுக்காரர், தெரியாதவர் என்று போய்விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த உடையைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள். "கை ஏன் தெரிகிறது, இதெல்லாம் தேவையா" என்றுதான் பேச்சு வரும். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த வருஷம் பசை டப்பாவைத் திறக்காது.

அதனால் மூன்று வேண்டுகோள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், சின்னப் பிள்ளை என்றால் பெற்றோரையும் கேளுங்கள். எடுத்ததை முதலில் அந்தப் பிள்ளைக்கே அனுப்புங்கள். குழுவில் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள், "வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சங்கம் இதை நம் குழுவின் விதியாகவே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொலு, ஆண்டுவிழா, மாறுவேடப் போட்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில்தான் இருப்போம். திரிசூலத்தைத் தூக்கிப் பார்க்க விரும்புபவர்கள் வரலாம். பசை அன்றைக்குத் திறக்க மாட்டோம்.