குரலும் சுருதமே



கிர்நார் மலைக்குகையில் தவமிருந்த தரசேன ஆசாரியர், தாம் அறிந்த ஆகமம் தம்மோடு மறைந்துவிடுமோ என அஞ்சினார். புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்களை வரவழைத்து அதனைப் பயிற்றுவித்தார். அவர்கள் இயற்றிய ஷட்கண்டாகமம் நிறைவுற்ற நாளே சுருத பஞ்சமி என்பது மரபு. செவிவழி வந்தது ஏட்டிலேறிய நாள் அது.

அந்த அச்சம் இன்று சமண இல்லங்களிலும் எழவேண்டும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழையாம் கேசட், பரண்களில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. தோத்திரங்களின் சொற்கள் அச்சில் கிடைக்கும். மறைந்த பாட்டனார் அவற்றை ஓதிய இசையும் நிறுத்தமும் 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவில் மட்டுமே உள்ளன.

பழைய பேழையை அவசரப்பட்டு ஓடவிடலாகாது. பூஞ்சை படர்ந்திருந்தால் தொழிலறிந்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். நாடாவை ஒலிமுனையோடு அணைக்கும் சிறு மெத்தை பெயர்ந்திருந்தால், நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம். கருவியின் ஒலிமுனையைத் துடைத்து, அதன் சாய்வைச் சீராக்கினால் மங்கிய குரலும் தெளியும். பின்னர்ச் சுருக்கப்படாத 24 பிட் டிஜிட்டல் கோப்பாக அதனைப் பதிவு செய்க. இரைச்சலைப் படியில் மட்டுமே நீக்குக. மிகையாக நீக்கினால் குரலின் உயிர்ப்பும் உடன் போகும். மூலக் கோப்பை வெவ்வேறிடங்களில் காத்திடுக.

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. முன்னோர் குரலைப் பின்னோர்க்கு அளிப்பதும் அதன்பாற்பட்டதே.

ஜெய் ஜினேந்திரா!