துணியில் நம்ம ஊர்க் கதை

(திரேஸ்புரத்தில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தையல்னு சொன்னா ஜாக்கெட், பாவாடை, கூலி இதுதான் நமக்கு ஞாபகம் வரும். இன்னைக்கு வேற ஒரு தையலைப் பற்றிச் சொல்ல வந்திருக்கேன்.

தர்மபுரி மாவட்டத்தில் சிட்லிங்கி என்ற மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே லம்பாடி மக்களின் கைப்பூவேலை அநேகமாக மறைந்தே போச்சு. வயதான ஓரிரு பெண்களுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அங்கே மருத்துவமனை நடத்திவரும் டாக்டர் லலிதா ரெஜி தூண்டுதல் கொடுக்க, இளம் பெண்கள் அந்தப் பாட்டிமாரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். இன்று அவர்கள் சங்கத்தின் பெயர் ‘போர்கை’. லம்பாடி மொழியில் ‘பெருமை’ என்று பொருள். வருமானமும் வந்தது, இனத்தின் அடையாளமும் மீண்டது.

கடல் கடந்து சிலி நாட்டைப் பாருங்க. 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எத்தனையோ பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பலர் திரும்பவே இல்லை. அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணி மேல் கந்தல் துண்டுகளை ஒட்டுத்துணியாக வைத்துத் தைத்தார்கள். ‘அர்பில்லேரா’ என்று அதற்குப் பெயர். பத்திரிகையில் எழுத முடியாததை ஊசி எழுதியது. திருச்சபை அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்றுக் கொடுத்தது. வீட்டில் அடுப்பெரிந்தது, உலகத்துக்கு உண்மையும் தெரிந்தது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961இல். அன்றைக்கு இருபது வயதில் முத்துக் குளித்தவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். தங்கச்சி தாலி பத்திரமாக இருக்கணுமேன்னு கவனமாக இருப்பான் என்பதால், குளிக்கிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான் என்று சொல்வார்கள். இதைச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுத் தைக்க வேண்டாமா?

எப்படிச் செய்யலாம்? குழுவுக்கு ஒரு கட்டம், ஒன்றரை அடிச் சதுரம். மூட்டுவதற்குச் சுற்றிலும் அரை அங்குலம் கூடுதலாக விடுங்க. 12 கட்டம் சேர்ந்தால் 6 அடிக்கு நாலரை அடி விரிப்பு. சாயம் போகிற துணியா என்று முதலில் நனைத்துப் பாருங்க. வல்லம், சங்கு, கயிறு, கருவாட்டுக் கூடை எல்லாம் சங்கிலித் தையலில் நல்லா வரும். அடியில் பழைய சேலையை இரண்டாக மடித்து வைத்து ஓட்டுத் தையல் போடுங்க. கடலுக்குப் போய்த் திரும்பாதவர் பெயரைத் தைப்பதாக இருந்தால், அந்த வீட்டில் முதலில் கேளுங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க.

இந்தப் பெரிய விரிப்பை விற்கக் கூடாது. கூட்டமைப்பு அலுவலகத்தில் தொங்கட்டும். அதே மாதிரியில் சின்னப் பை, உறை தைத்து விற்கலாம். கணக்கை மட்டும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிடுங்க. தைத்தவர் பெயரும் வருஷமும் துணியின் ஓரத்தில் கட்டாயம் இருக்கணும்.

மீனை விற்று, கருவாடு காயவைத்து, குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாமதான் எழுதணும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆச்சியிடம் கேட்ட ஒரு கதையும், ஒரு பழைய சேலைத் துண்டும் கொண்டு வாங்க.